கேசட்டின் மறுபாதி

அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு யார் போன் செய்தாலும் முதலில் காதில் விழுவது அவளுடைய குரல்தான். தரைத்தளத்தில், ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கும் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு டெலிபோன் போர்டு, தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன், சுவரில் வார்டு எண்கள் எழுதிய அட்டை. அந்த அட்டையை அவள் திரும்பிப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை நானூறு, ஐந்நூறு அழைப்புகள் வரும். இருபத்து மூன்று வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் அவளுக்கு மூச்சு பழகிப்போனது. ஹலோ என்பதற்கு முன்னால் ஒருவர் இழுக்கும் மூச்சை வைத்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவாள். எலும்பு டாக்டர் மூக்கால் இழுப்பார். மருந்துக் கிடங்குக்காரர் எந்நேரமும் மாடிப்படி ஏறி வந்தவர் மாதிரி இரைப்பார். ஒருமுறை தலைமை மருத்துவர் லைனில் வந்து வாயைத் திறப்பதற்குள், "வீட்டுக்குத்தானே சார், இதோ" என்று லைனைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். மனிதர் ஆடிப்போய்விட்டார். மறுநாள் நேரிலேயே வந்து அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மற்றபடி, மேற்கத்திய இசைக்கும் அவளுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. வேலை வழியாகத்தான் அது வந்து சேர்ந்தது. லைனில் காத்திருப்பவர்களுக்காகப் போர்டிலிருந்து ஓர் இசை ஓடும். வயலின் மாதிரி நாலு வாத்தியங்கள், நாற்பது விநாடி. ஏதோ சொல்ல வாயெடுத்தவன் வாயைப் பொத்தினாற்போல நாற்பதாவது விநாடியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதை யார் போட்டார்கள், அது என்ன இசை என்று ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது. மற்ற ஆப்பரேட்டர்களுக்கு அது ஃபேன் சத்தம். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது, பதினோரு வருஷம் வரைக்கும். அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் போகும்போது அது மண்டைக்குள் ஓடியது. நாற்பதாவது விநாடியில் அறுந்தது. அதற்கப்புறம் என்ன ஆச்சு என்று தோன்றியது. தோன்றினது தோன்றினதுதான், அப்புறம் விடவே இல்லை.

"பாதியில நின்னுபோச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணணும். அதுக்கு மேல யோசிச்சா வண்டி ஓடாது" என்றார் அவள் கணவர். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் பிரேக்கும் கியரும்தான் பதில் என்றாகிவிட்ட மனிதர்.

அவள் நூலகத்துக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த நூலகரிடம், வெட்கத்தை விட்டு, அந்த நாற்பது விநாடியையும் முனகிக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், எனக்குப் புத்தகம்தான் தெரியும். சனிக்கிழமை மூணு மணிக்கு மாடியில ஒரு கூட்டம் உட்காரும். ஆளுக்கு ஒரு வாரம் தங்களுக்குப் பிடிச்சதைப் போட்டுக் கேப்பாங்க. அவங்ககிட்ட பாடிக் காட்டுங்க."

மாடியில் பழைய வரைபட அலமாரிகளுக்கு நடுவே ஒரு பிளேயர், இரண்டு ஸ்பீக்கர், வட்டமாகப் போட்ட நாற்காலிகள். ஐந்தாறு பேர்தான். அவர்களில் மூத்தவர் ஒரு பல் டாக்டர், அறுபத்தைந்து வயதிருக்கும். இன்னொருவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவள் முனக ஆரம்பித்து மூன்றாவது மூச்சு எடுப்பதற்குள் டாக்டர் கையைத் தூக்கினார்.

"ஹைடன் எழுதினது. நாலு பேர் வாசிக்கிறது. அடுத்த வாரம் கொண்டுவரேன்."

சொன்னபடி கொண்டுவந்தார். "ஏழு நிமிஷம் ஆகும். பரவாயில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போட்டார். நாற்பதாவது விநாடி நெருங்க நெருங்க அவள் உடம்பு தானாக இறுகியது, மேட்டில் பஸ் ஏறி இறங்கும்முன் இறுகுவதுபோல. இசை அறுபடவில்லை. நின்று, மூச்சு வாங்கி, அவள் நினைத்தே பார்க்காத ஒரு பக்கம் திரும்பி இருட்டுக்குள் போனது. அங்கே கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு, தெரிந்த இடத்துக்கே வேறு ஆளாகத் திரும்பி வந்தது. அவள் கையிலிருந்த பை நழுவி விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"இத்தனை வருஷம் வாசல்லயே நின்னுட்டு இருந்திருக்கேன் டாக்டர்" என்றாள். டாக்டர் பெரிய பரிசு வாங்கினவர் மாதிரி சிரித்தார்.

அதிலிருந்து நாலு வருஷம் அவள் சனிக்கிழமை தவறவில்லை. தனக்குப் பிடித்ததை அடுத்தவர் காதில் போடாவிட்டால் டாக்டருக்குச் சாப்பாடு இறங்காது. "இந்த ஹைடனைக் கேட்டாச்சா? சரி, இப்போ அதையே வேற நாலு பேர் வாசிச்சதைக் கேளுங்க. அப்புறம் சொல்லுங்க, யாரு வீட்டுக்குப் போகணும்னு அவசரத்துல வாசிக்கிறாங்கன்னு" என்பார். பாக் என்றால் அவர் குரல் தணியும். ஷூபர்ட் என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவளுக்கு ராகமும் தெரியாது, பெயரும் நிற்காது. ஒரு தடவை மட்டும், டீச்சர் போட்ட இரண்டு வேறு வேறு பதிவுகளைக் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒரே ஆள்தான். ரெண்டாவதுல வயசாயிடுச்சு. மூச்சு குட்டையா இருக்கு" என்றாள். உறையைப் புரட்டிப் பார்த்தால் அதே ஆள்தான், இருபத்தெட்டு வருஷ இடைவெளி. அன்றிலிருந்து கூட்டத்தில் அவள் பெயர் 'காது'.

வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை டாக்டர் டிஸ்க் கொண்டுவர மாட்டார், ஒரு கேசட் கொண்டுவருவார். அது அவருடைய அக்கா வாசித்தது. எட்டு வயது மூத்தவள். பெற்றோர் போனபின் தம்பியைப் படிக்க வைத்தது அவள்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தாள். அவர் பன்னிரண்டு வயதிலேயே விடுதிக்குப் போய்விட்டார். விடுமுறையில் வந்தால் தம்பிக்கு ஆக்கிப் போடவே அவளுக்கு நேரம் சரியாக இருக்கும், பியானோவைத் திறக்க மாட்டாள். அவர் கடைசி வருஷம் படிக்கும்போது அவள் இரண்டே மாத நோயில் போய்ச் சேர்ந்தாள். வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்தது அந்தக் கேசட். மேலே அவள் கையெழுத்தில் 'ஷூபர்ட்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அதைக் கேட்கும்போது கூட்டத்தில் ஒருவர் நாற்காலிகூட அசையாது. அவ்வளவு சுத்தமான வாசிப்பு. "அக்கா கொஞ்சம் வேகமாத்தான் வாசிப்பா. ஆனா எங்கயும் சிந்தாது பாருங்க" என்பார் டாக்டர். வாசிப்பு முடிந்ததும் சட்டென்று நிறுத்திவிடுவார். "இதுக்கப்புறம் ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை பழகிட்டு இருக்கும். தப்பும் தவறுமா." முதல் வருஷம் கேட்டபோது அவள் அழுதேவிட்டாள். அவளுக்கும் ஓர் அக்கா உண்டு, தொலைவில்.

நாலாம் வருஷம்தான் வினை வந்தது. கணக்கு டீச்சர் ஒரு புது டிஸ்க் வாங்கி வந்தார். எப்போதோ இறந்துபோன ஒரு பியானோக்காரர் ரேடியோவுக்காக அரங்கத்தில் வாசித்த பழைய பதிவுகள். மூன்றாவதாக ஷூபர்ட்டின் அதே துண்டு வந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்துக்கு முன்னால் அந்த ஆள் மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார். அதற்கு நாலைந்து சுரம் தள்ளி நாற்காலி ஒரு தரம் கிறீச்சிட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். அந்த நாற்காலியையும் தெரியும். கேசட்டில் எல்லாம் கொஞ்சம் மெல்லிசாக, கொஞ்சம் வேகமாக, சுருதி அரைப் படி ஏறிக் கேட்கும். பழைய ரெக்கார்டரின் மோட்டார் செய்த வேலை அது. அதனால்தான் இத்தனை பதிவுகள் கேட்ட டாக்டருக்கே பிடிபடவில்லை. அக்கா வாசித்ததாக நாற்பது வருஷமாக அவர் போற்றி வந்தது, ரேடியோவிலிருந்து அக்கா பிடித்து வைத்த இந்த ஆளின் வாசிப்பு.

டிஸ்க் முடிந்ததும் டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்க அக்காவோட சாயல் இருக்கு இந்த ஆள்கிட்ட. இல்லையா காது?"

"ஆமா டாக்டர்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினாள். அவர் முதல் தடவையாகப் பிரேக் கியர் எதுவும் இல்லாமல் யோசித்தார்.

"சொல்லாதே. அவருக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான். அதைப் பிடுங்கி நீ என்ன பண்ணப் போற?"

அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. வாயைக் கட்டிக்கொண்டாள். ஆறு மாதம் கட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு விஷயம் உள்ளே கிடந்து குடைந்தது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேசட்டை நிறுத்துவதற்கு முன் ஒன்றிரண்டு விநாடி ஓடுமே, அந்தப் 'பள்ளிக்கூடத்துப் பிள்ளை' வாசிக்கத் தொடங்கும் இடம், அங்கே ஒரு மூச்சு கேட்கும். அது பிள்ளை மூச்சு இல்லை, பெரிய மனுஷி மூச்சு. ஒருத்தி ரேடியோவிலிருந்து ஒன்றைப் பிடித்து வைக்கிறாள் என்றால் எதற்காக வைப்பாள்?

அப்படியே காலம் தள்ளியிருப்பாள். டாக்டர்தான் விடவில்லை. ஒரு சனிக்கிழமை மலர்ந்த முகத்தோடு வந்தார். கேசட்டை டிஸ்க்காக மாற்றி, அக்கா பேரோடு, நூலகத்துக்கு ஒன்றும் அவள் வேலை பார்த்த பள்ளிக்கு ஒன்றும் கொடுக்கப் போவதாகச் சொன்னார். நூலகர் அக்கா பேர் போட்டு அட்டைகூட அடித்து வைத்துவிட்டார். என்றைக்காவது ஒருநாள் விஷயம் தெரிந்த யாராவது கேட்பார்கள், சிரிப்பார்கள். அக்கா பேர் நாறும். செத்தவளைத் திருடியாக்கிவிடுவார்கள்.

அடுத்த வாரம் அவள் அரை மணி முன்னாலேயே போனாள். டாக்டரையும் கேசட்டோடு வரச் சொல்லியிருந்தாள்.

"டாக்டர், கொடுக்கறதுக்கு முன்னால மிச்சத்தையும் ஒரு தடவை கேக்கலாமா?"

"அதுல என்னம்மா இருக்கு? பிள்ளை பழகறது."

"எனக்காக."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஓடவிட்டார். ஒரு சின்ன அறையின் சத்தம். எங்கோ கதவு சாத்தியது. அதே துண்டு, மெதுவாக, ஒவ்வொரு அடியாக. எட்டு பத்து அடி போனதும் இடது கை தடுக்கியது. நின்றது. மறுபடி முதலிலிருந்து. அதே இடத்தில் தடுக்கியது. "ச்சே" என்றது ஒரு பெண் குரல்.

டாக்டர் நிமிர்ந்தார். மறுபடி வாசிப்பு, மறுபடி தடுக்கல், மறுபடி "ச்சே".

"இது யாரு டாக்டர்?" என்றாள் அவள் மெல்ல.

டாக்டர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை அவள் பார்த்தாள். அக்காவின் குரலை நாற்பது வருஷம் கழித்துக் கேட்ட சந்தோஷம். அது முழுசாக மலர்வதற்குள் கணக்குப் போட்டுவிட்டார்.

"அப்போ முன்னாடி வாசிச்சது?"

"டீச்சர் கொண்டுவந்த டிஸ்க்ல இருக்கிற ஆள், டாக்டர். ரேடியோவில பிடிச்சு வச்சுப் பழகியிருக்காங்க."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே."

"ஆறு மாசம்." டாக்டரின் குரல் உயரவில்லை. "ஆறு மாசம் என்னைப் பேசவிட்டுப் பார்த்துட்டு இருந்தீங்க. சாயல் இருக்கான்னு கேட்டேன், ஆமான்னீங்க."

கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். படியில் எதிரே வந்த டீச்சரைக்கூட அவர் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றார் நூலகர். போர்டில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குத் திடீர் திடீரென்று டாக்டர் முகம் வரும். நல்லது செய்யப் போய்க் கெடுத்தோமா, கெட்டதைத் தள்ளிப்போட்டுப் பெரிதாக்கினோமா என்று மாற்றி மாற்றிக் குழம்பினாள். அன்றைக்கே சொல்லியிருந்தால் கோபம் பாதியாக இருந்திருக்கும். சொல்லாமலே விட்டிருந்தால் கோபமே இருந்திருக்காது. நடுவில் நின்றதுதான் தப்பு என்று பட்டது. மறுநாள் அதுவும் சரியென்று படவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளுக்குக் கடைவாய்ப் பல் விண்டது. கன்னம் வீங்கி, தண்ணீர் குடித்தால் உச்சி வரை தெறித்தது.

"ஊர்ல வேற பல் டாக்டரே இல்லையா?" என்றார் கணவர்.

"இருக்காங்க. நான் அங்கதான் போவேன்."

கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது கிளினிக். டாக்டர் அவளைப் பார்த்ததும் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியைச் சாய்த்தார், விளக்கை இழுத்தார், ஊசி போட்டார், கன்னத்துக்குள் பஞ்சை அடைத்தார். "மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும். பேசக் கூடாது" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தானே பேச ஆரம்பித்தார்.

"இருபத்தாறு தடவை. எண்ணிட்டேன். இருபத்தாறு தடவை அந்த இடத்துல போய் முட்டிக்கிறா."

அவள் "ஆ" என்றாள். அதற்கு மேல் முடியவில்லை.

"பதினாலாவது தடவை நடுவுல போன் அடிக்குது. எழுந்து போறா. தூரத்துல கேக்குது. 'தம்பியா? சாப்டியா?'ன்னு கேக்கறா. விடுதியிலருந்து நான் வாரம் ஒரு தடவை பேசுவேன். அந்தப் பக்கம் நான்தான் இருந்திருக்கேன். நான் என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகமே இல்லை. ஏதோ புத்தகம் அனுப்பச் சொல்லியிருப்பேன். அப்புறம் நான் கேட்டிருப்பேன் போல, என்னக்கா பண்றேன்னு. 'ஒண்ணுமில்லடா, சும்மா தூசி தட்டிட்டு இருந்தேன்'கிறா. போனை வச்சுட்டு வந்து திரும்ப உட்கார்ந்து வாசிக்கிறா."

தெருவில் ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. அது போகும் வரை காத்திருந்தார்.

"கடைசி தடவை அந்த இடத்தைத் தாண்டிடறா. முழுசா வாசிக்கிறா. மெதுவாத்தான். எங்க அக்கா வேகமா வாசிக்கிறவ இல்லவே இல்லை. மெதுவா, பயந்து பயந்து வாசிக்கிறவ." அவர் திரும்பினார். முகக்கவசத்துக்கு மேலே கண் சிவந்திருந்தது. "ஆனா ஒண்ணு சொல்லுங்க. வேற எவனோ வாசிச்சதைக் கேட்டு நாற்பது வருஷம் நான் அழுதிருக்கேனே, அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

பஞ்சு அடைத்த வாயோடு அவள் அவரைப் பார்த்தாள். கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. "வலிக்குதா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள், ஆமாமா இல்லையா என்று அவளுக்கே தெரியாமல்.

பல்லைப் பிடுங்கியபின் சீட்டு எழுதும்போது சொன்னார். "உங்களுக்கு நன்றி சொல்லணும்னு தெரியுது. மனசு இன்னும் வரல. வரும்போது சொல்றேன்."

"மெதுவா சொல்லுங்க டாக்டர்" என்று அவள் சொல்ல நினைத்தாள். மரத்துப்போன உதட்டில் அது "மெலுவா ஒல்லுங்க லாக்கல்" என்று வந்தது. டாக்டர் கட்டுப்படுத்திப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். வந்ததும் உட்காராமல், நடந்ததை எல்லோரிடமும் இரண்டே நிமிஷத்தில் சொல்லி முடித்தார். நூலகர் மேஜை இழுப்பறையிலிருந்து அடித்து வைத்த அட்டையை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவரிடமே நீட்டினார். டாக்டர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். டீச்சர், தான்தான் குற்றவாளி மாதிரி, "நான் அந்த டிஸ்க்கை வாங்காமலே இருந்திருக்கலாம்" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "அந்த மிச்சப் பகுதியை எங்களுக்கும் போட்டுக் காட்டுங்களேன்" என்று கேட்டார்.

"வேண்டாம். அது நாலு பேரு கேக்கறதுக்கு வாசிச்சது இல்லை" என்றார் டாக்டர்.

பிடித்ததையெல்லாம் ஊர் காதில் போடும் மனிதர், ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு அவருடைய முறை. டீச்சரிடம் கையை நீட்டி அந்த டிஸ்க்கையே வாங்கினார். மூன்றாவது பதிவு. "நல்ல ஆள். இத்தனை நாள் இவரை நான் சரியாக் கேக்கவே இல்லை. எட்டாவது அடி தாண்டினதும் இடது கையைக் கவனிங்க, அது லேசுப்பட்ட இடம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

கேட்டார்கள். முடிந்ததும் டீச்சர், கடைசிப் பக்கத்தை அந்த ஆள் ஓட்டிவிட்டார் என்றார். ஓட்டவில்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார் டாக்டர். எழுதியிருப்பதைக் காட்டுங்கள் என்றார் டீச்சர். காதைக் கேட்டார்கள். காது, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை போட்டால்தான் சொல்ல முடியும் என்றாள். போட்டார்கள். அப்புறமும் தீரவில்லை. நூலகர் சாவிக்கொத்தோடு வந்து வாசலில் நிற்கும் வரை அந்தச் சண்டை நடந்தது.